பெருமாள் அண்ணை எண்ணிய நீர்க்காகங்கள்

பெருமாள் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தரம் பத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருந்தேன். மேசையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. பாட நேரத்தில் நான் அதை எடுப்பதில்லை. எடுத்தால் பிள்ளைகளுக்கு நான் செய்கிற பிரசங்கம் என்னாவது? இடைவேளையில் பார்த்தால், பரந்தன் சந்தியில் மீன் விற்கும் நாகேஸ்வரியிடமிருந்து நான்கு அழைப்புகள்.

"ரீச்சர், எங்கட பெருமாள் அண்ணை போட்டார். காலமை வலை இழுத்துப்போட்டு வந்து வள்ளத்தைக் கட்டினவராம். அப்பிடியே கரையிலை இருந்திட்டாராம். ஆக்கள் போய்ப் பாக்கேக்கை முடிஞ்சுது."

"எந்தக் கரை? குளக்கட்டுப் பக்கமோ, அலைகரைப் பக்கமோ?" என்று கேட்டேன்.

"உதோ ரீச்சர் இப்ப முக்கியம்?" என்று அவள் அழுகையோடு சீறினாள். அவள் சொன்னது நியாயம். பதினொரு வருடங்களாக அவரும் நானும் ஒன்றாகக் குளத்தில் பறவை எண்ணிவந்தபோது, எதைக் கண்டாலும் முதலில் கேட்டுக்கொள்வது எந்தக் கரை என்றுதான். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

ஸ்கந்தபுரத்துக்கு உள்ளே போகும் கிறவல் வீதியில் அவருடைய வீடு. செத்தவீட்டுக்குக் குளத்தைச் சுற்றியுள்ள சனம் முழுவதும் வந்திருந்தது. நன்னீர் மீன்பிடிச் சங்கத்துக்கு ஆறு வருடம் தலைவராக இருந்த மனிதர் அல்லவா? தறப்பாள் பந்தலுக்குக் கீழே, சோடாப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஒரு கதிரையில் இருந்தேன். முன்வரிசையில் இப்போதைய தலைவர் பொன்ராசா அண்ணை. அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "தங்கமான மனிசன். ஒருத்தரையும் ஒரு சொல்லுச் சொல்லாதவர். அந்த நீர்க்காகக் கதையிலைதான் ஒருக்காப் பொய் சொல்லிப்போட்டார், பாவம்."

சுற்றியிருந்தவர்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். ஆசிரியர் கூட்டமென்றால் அதிபரையே மறித்துக் கதைக்கிறவள் நான். அன்று சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இந்த அஞ்சலியை எழுத வைத்தது அந்த ஒரு வசனம். அது பிழை. அது பிழையென்று தெரிந்தவர்களில் உயிரோடு இருந்து பேசவேண்டியவள் நான்.

முதலில் அவரை நான் சந்தித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வட்டக்கச்சிக்கு மாற்றலாகி வந்த புதிது. தை மாதத்தில் நாடெங்கும் உள்ள நீர்நிலைகளில் பறவை எண்ணுகிறார்கள், இந்தக் குளத்துக்கு ஆளில்லை, நீங்கள் செய்வீர்களா என்று கொழும்பிலிருந்து ஒரு நண்பி கேட்டாள். விலங்கியல் படித்தவள், தொலைநோக்கி வேறு இருக்கிறது. இதென்ன பெரிய வேலை என்று குளக்கட்டில் ஏறி நின்று எண்ணத் தொடங்கினேன். தண்ணீரில் ஒரு வள்ளம் வந்து நின்றது.

"என்ன ரீச்சர், தண்ணி அளக்கிறியளோ?"

"குருவி எண்ணுறன்."

"எத்தினை?"

"தாரா நாற்பத்திரண்டு."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. "கட்டிலை நிண்டா கட்டைப் பாக்கிற குருவிதான் தெரியும். மிச்சமெல்லாம் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இருக்கு. ஏறுங்கோ."

எனக்கு நீந்தத் தெரியாது என்றேன்.

"இடுப்பளவு தண்ணி. விழுந்தா எழும்பி நில்லுங்கோ."

ஏறினேன். கட்டுக்கு எதிர்ப்புறம், தண்ணீர் மெலிந்து கோரையும் சேறுமாகக் கிடக்கிற பக்கத்தைத்தான் நாங்கள் அலைகரை என்கிறோம். அங்கே போனபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊசிவால் வாத்துகள் ஒரு பக்கம், நீலச்சிறகிகள் அவற்றோடு கலந்து ஒரு பக்கம். சேற்றில் கருவால் மூக்கன்களும் பொரி உள்ளான்களும் கொத்திக்கொண்டு திரிந்தன. தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழிகள் தங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கிறமாதிரி நடந்தன. தலைக்கு மேலே மீசை ஆலாக்கள். சேற்றுப் பருந்து ஒன்று தாழப் பறந்து வர, அத்தனை தாராவும் ஒரேயடியாக எழும்பிய சத்தத்தில் நான் வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னுடைய நாற்பத்திரண்டை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார், நான் எழுதினேன். அடுத்த தையிலிருந்து அதுவே எங்கள் முறையாகிவிட்டது.

அவருடைய குடும்பம் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தபோது அவருக்கு ஏழு வயது. வெளியே எங்களோடு "ஓம்" என்பார், "எண்டு" என்பார். வீட்டு வாசலைத் தாண்டினால் "ஆமா", "என்னாங்க". இரண்டும் அவருக்கு இயல்பு. கோபம் வந்தால் மட்டும் எங்கே நின்றாலும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சில் அவர் என்னோடு பேசியது ஒரேயொரு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணுவதில் அவர் படுகண்டிப்பு. ஒருமுறை வல்லூறு ஒன்று கோரைக்கு மேலால் பாய்ந்து போனதைக் கண்டேன். இங்கே அபூர்வமான இனம். துள்ளிக் குதிக்காத குறை. "எழுதுறன் அண்ணை" என்றேன்.

"எழுதுங்கோ. நான் காணேல்லை, என்ர பேரிலை போடாதேங்கோ."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

"ஆர் சொன்னது? நீங்கள் கண்டது உங்கட, நான் கண்டது என்ர. அவ்வளவுதான் ரீச்சர்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீதி நேரம் முழுவதும் நான் கதைக்கவில்லை. அவர் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு தடி ஊன்றினார்.

இன்னொரு விடியலில் நான் கரைக்கு வந்தபோது அவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். வலைக்குள் நீலச்சிறகி ஒன்று செத்துக் கிடந்தது. மீனுக்குப் போட்ட வலையில் மாட்டி மூழ்கிவிட்டது. கண்ணுக்கு மேலே உள்ள அந்த வெள்ளைக்கோடு நனைந்தும் கலையாமல் இருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கேட்டார். சைபீரியாப் பக்கம் என்றேன். அந்த இடத்தைப் பற்றி அவர் கேட்டபடியே இருந்தார், எத்தனை நாள் பறக்கும், வழியில் எங்கே இறங்கும் என்று. பிறகு, "இதையும் எழுதுங்கோ. செத்தாலும் வந்ததுதானே" என்றார். அந்த மாரியிலேயே சங்கக் கூட்டத்தில் எழும்பி, கார்த்திகையிலிருந்து மாசி வரை அலைகரையில் ஒருவரும் வலை போடுவதில்லை என்று முடிவெடுக்க வைத்தார். தலைவர் என்பதால் கேட்டார்கள். ஆனாலும் நல்ல மீன் ஒதுங்குகிற இடம் அது. பலருக்கு உள்ளுக்குள் புகைச்சல். அவருடைய வலையும் அங்கே போடப்பட்டதுதான் என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இனி நீர்க்காகக் கதை. ஐந்து வருடங்களுக்கு முந்திய மாரியில் சங்கம் குளத்தில் திலாப்பியாக் குஞ்சுகள் விட்டது. மார்கழி முடிவதற்குள் நீர்க்காகங்கள் வந்து குவிந்தன. குளத்தின் நடுவே தண்ணீரில் நிற்கும் பட்ட மரங்கள் கறுத்துப் போயின. அந்த மரங்களுக்குப் பெருமாள் அண்ணை பேர் வைத்திருந்தார்: எப்போதும் சண்டை நடக்கிற மரம் பாராளுமன்றம், வரிசை குலையாமல் இருக்கிற மரம் தபால்கந்தோர். நீர்க்காகம் மட்டுமா அதில்? வக்கா, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை எல்லாவற்றுக்கும் படுக்கிற இடம், சிலவற்றுக்குக் கூடு கட்டுகிற இடமும் அதுதான்.

"வெளிநாட்டுக் குருவியளுக்கோ நாங்கள் குஞ்சு விட்டனாங்கள்?" என்று சங்கத்தில் சத்தம். நீர்க்காகம் வெளிநாடல்ல, மற்றக் குளங்களிலிருந்து இங்கே கூடுகிற எங்களூர்ப் பறவை என்று நான் விளக்கப் போனேன். ஆர் கேட்டது? மரங்களை அறுத்து விழுத்த வேண்டும் என்றார் அப்போது செயலாளராக இருந்த பொன்ராசா அண்ணை. பெருமாள் அண்ணை கையைக் காட்டி அமர்த்தினார். "தைக்கு எப்பிடியும் எண்ணத்தானே போறம். எண்ணிப் பாத்திட்டுக் கதைப்பம். எத்தினை எண்டு தெரியாமல் எதை அறுக்கிறது?" எல்லாரும் அதற்குச் சம்மதித்தார்கள்.

எண்ணினோம். நீர்க்காகம் இரை தேடிக் கிளம்புமுன், வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், மரம் மரமாக அவர் எண்ணிச் சொன்னார், நான் எழுதினேன். கூட்டியதை நான் இரண்டாம் தரமும் கூட்டிப் பார்த்தேன். முந்திய வருடத்தைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட. இதை வாசித்தால் அடுத்த கிழமையே மரங்களில் வாள் விழும் என்று பட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சங்கத்தில் வாசிக்கிற தாளை வீட்டில் வைத்துச் சுத்தமாக எழுதுவது என் வேலை. இருவரும் அதில் கையெழுத்து வைப்போம். அன்று அவருக்குப் பரந்தனுக்கு மீன் கொண்டுபோகிற அவசரம். "நீங்கள் ஆறுதலா எழுதுங்கோ, நான் இப்பவே வைச்சிட்டுப் போறன்" என்று வெறுந்தாளின் அடியில் கையெழுத்து வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்.

நான் வீட்டுக்கு வந்து நீர்க்காகத்துக்கு நேரே நூறுகளின் இலக்கத்தை மாற்றி எழுதினேன். ஒரேயொரு இலக்கம். கொழும்புக்கு அனுப்பிய தாளில் சரியான எண்ணைத்தான் எழுதினேன். பொய்யை எங்கள் ஆட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் எனக்கு அதுதான் கூடுதலாகக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழும்பி வாசித்தேன். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் என்று வரும்வரை ஒருவரும் அசையவில்லை. நீர்க்காகம் என்று எண்ணைச் சொன்னதும் பொன்ராசா அண்ணை எழும்பினார்.

"தலைவர், நாங்கள் என்ன குருடரோ? நாளும் பொழுதும் உந்தத் தண்ணியிலை நிக்கிறம். உது உண்மையோ?"

பெருமாள் அண்ணை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு பிள்ளை விடை சொல்லும்வரை நாங்கள் வகுப்பில் காத்துக்கொண்டு நிற்போமே, அப்படிப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். பிறகு அவர் திரும்பி, "என்ர கையெழுத்தும் அதிலை கிடக்கு" என்றார்.

கூட்டம் கலைந்தது. மரக் கதை அன்று ஒத்திவைக்கப்பட்டது. குருவிக்காரருக்கு ஆளாகப் போய்த் தலைவர் எண்ணிக்கையை மறைத்துவிட்டார் என்று ஊரெல்லாம் கதை. சித்திரையில் நடந்த நிர்வாகத் தெரிவில் அவர் தலைவர் பதவியை இழந்தார். ஆடியில் தண்ணீர் வற்றியதும் புதிய நிர்வாகம் பாராளுமன்றத்தையும் இன்னொரு மரத்தையும் அறுத்தது. மற்றவை வைரம் பாய்ந்தவை, வாள் மழுங்கியதால் விட்டுவிட்டார்கள். என் பொய் ஒரு கிளையைக்கூடக் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு எங்கள் எண்ணிக்கையைச் சங்கத்தில் வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை.

மரம் அறுத்த கிழமை நான் அவரைத் தேடிப் போனேன். குளக்கட்டில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "நல்லதுக்கெண்டுதான் செய்தனான் அண்ணை" என்று தொடங்கினேன். அப்போதுதான் அந்த வீட்டுப் பேச்சு வந்தது.

"யாருக்கு நல்லது டீச்சர்? உள்ளத சொல்லியிருந்தாலும் மரத்த நான் வெட்ட விட்டிருக்க மாட்டேன். நின்னு பேசியிருப்பேன். ரெண்டு நாள் சண்ட புடிச்சிருப்பேன். நம்ம ஆளுங்கதானே, கேட்டிருப்பாங்க. நீங்க எனக்குப் பேசறதுக்கு எடமே வைக்கலியே."

சொல்லிவிட்டு மறுபடி வலைக்குக் குனிந்தார். நான் சங்கத்துக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. பாடசாலை, பெயர், பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று ஆயிரம் சாட்டு. கோழை என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம்.

அடுத்த தை வந்தபோது அவர் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் கரைக்குப் போனேன். வள்ளம் நின்றது, அவர் தடியோடு நின்றார்.

"வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை" என்றேன்.

"ஏன் வராமல்? குருவி என்ன செய்தது?"

ஏறி இருந்ததும் சட்டைப் பையிலிருந்து தானும் ஒரு கொப்பித்தாளையும் பென்சிலையும் எடுத்தார். "இனி ரெண்டு பேரும் தனித்தனிய எழுதுவம். முடிஞ்சாப் பிறகு பாப்பம்." அதுவே நடந்தது. ஒரே வள்ளத்தில், ஒருவருக்கொருவர் எண் சொல்லாமல், ஐந்து தை. கரைக்கு வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் கண்டு மற்றவர் காணாதவை இருந்தால் யார் கண்டது என்று குறிப்போம். அவர் எழுத்துப் பெரிசு, வரிக்கு வெளியே போகும். தாராக்களுக்கெல்லாம் தான் வைத்த பேர்களையே எழுதுவார். அந்த ஐந்து வருடத்தில் நாங்கள் கண்ட பறவை இனங்கள் முந்தியதைவிடக் கூட. இரண்டு பேர் தனித்தனியே பார்க்கும்போது கூடத் தெரிகிறது. சிரிப்பும் பகிடியும் குறையவில்லை. ஆனாலும் முந்தியெல்லாம் அவர் என் தாளை எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிப்பார். அந்த விரல் நீர்க்காகத்தின் வரிக்கு வரும்போது நான் ஒவ்வொரு முறையும் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் இன்னொரு தை இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். குசினியில் அவருடைய மனைவி தெய்வானை அக்கா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. துக்கக்காரி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காமல் அவாவுக்கு வேலை வேண்டியிருந்தது. பக்கத்தில் குந்தி இருந்து, அந்த எண்ணை மாற்றியது நான் என்று சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"தெரியும் டீச்சர். அன்னைக்கே சொன்னாரு. கூட்டம் முடிஞ்சு வந்து சோறு திங்காம படுத்தாரு. டீச்சர் வந்து சொல்லிருவாங்கன்னாரு."

"ஐந்து வருசம் அக்கா! நீங்கள் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லையே. எவ்வளவு தரம் எனக்கு மீன் ஆய்ஞ்சு தந்திருக்கிறியள்."

"அத நாங்களா சொல்றது?" என்றா அவா. எரிச்சலில்லை. உண்மையாகவே கேட்டா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் அழுவதற்கு உரிமையுள்ளவர்கள் வேறு ஆட்கள் என்று தெரிந்தும் அழுதேன். அவா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டா. அண்ணையைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன், சங்கத்து ஆட்கள் எல்லாரும் வாசிக்கும்படி எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதுங்க. ஆனா அவரு நல்ல மனுசன்னு எழுதாதீங்க டீச்சர். அத ஊரே சொல்லுது. எத்தன நீர்க்காகம்னு எழுதுங்க."

எழுதுகிறேன் அக்கா. பொன்ராசா அண்ணை, சங்கத்து உறவுகளே, நீங்களும் கேளுங்கோ. அந்தத் தை மாத விடியலில் பெருமாள் அண்ணை எண்ணிச் சொன்னது அறுநூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி உங்களுக்கு வாசித்தவள் நான். அவரிடமிருந்து எடுத்து ஐந்து வருடமாக நான் வைத்துக்கொண்டிருப்பது முந்நூறு நீர்க்காகங்கள். அவை அவர் எண்ணியவை. அவருடைய பேரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.